தகர வண்டிக்குள் ரேடியோ

ரோடு போடும் ரோலருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வண்டியில்தான் நான் மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் ரோலர் டிரைவர். கரி போட்டு நீராவியில் ஓட்டுகிற பழைய ரோலர் அது. ரோலர் எங்கே நிற்கிறதோ அங்கேயே டிரைவரும் தங்க வேண்டும் என்பதற்காக நாலு இரும்புச் சக்கரம் வைத்த அந்த வண்டியைக் கொடுத்திருந்தார்கள். சுவரும் கூரையும் இரும்புத் தகடு. இரண்டு பக்கமும் கையகல ஜன்னல், பின்னால் ஒரு கதவு, இறங்க மூன்று படி. உள்ளே ஒரு பலகைக் கட்டில், ஒரு மூலையில் அடுப்பு, துணிமணிக்கு ஒரு டிரங்குப் பெட்டி. கோடையில் பகல் பொழுதுக்கு உள்ளே கால் வைக்க முடியாது. வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே வேலை நடந்தபோது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். பிரசவம் என் அம்மா வீட்டில், சத்தியவேடு பக்கம். மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தேன். ஏழாம் மாதம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விடும்போதெல்லாம் கர்ர்ர் என்று ஒரு சத்தம். உமியை முறத்தில் தேய்த்தால் வருமே, அதுபோல. பன்னிரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மடியில் வைத்திருந்தேன். கரிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதின்மூன்றாம் நாள் காலையில் சத்தம் நின்றது.

ரோட்டை ஒட்டி ஒரு புறம்போக்கில் புதைத்தோம். அடுத்த வாரமே ரோலர் நகர்ந்தது. ரோலர் நகர்ந்தால் வண்டியும் நகரும். மணிக்கு இரண்டு மைல்கூட இருக்காது அதன் வேகம். பின்கதவில் உட்கார்ந்தபடி அந்த இடம் கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று மறைய.

சித்தூர் பக்கம் புத்தலப்பட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் பேச்சை விட்டிருந்தேன். கோபமெல்லாம் இல்லை. வாயைத் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சோறு ஆக்குவேன், தண்ணீர் கொண்டுவருவேன். அவர் கேட்டால் தலையை ஆட்டுவேன். அவரும் பேச்சுக்காரர் இல்லை. காலையில் ஆறு மணிக்கு நெருப்பு மூட்டப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். நாள் முழுக்க அந்தத் தகரப் பெட்டியில் நான் தனியாகக் கிடப்பது அவரை என்னவோ செய்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போனவர் கோணியில் சுற்றி ஒரு ரேடியோ கொண்டுவந்தார். யாரோ மாற்றலாகிப் போகிறவர் விட்ட பழைய செட். மரப்பெட்டி, முன்னால் மஞ்சள் துணி, இரண்டு திருகு. கரண்டு வேண்டாம், பேட்டரியில் ஓடும். பேட்டரியே செங்கல் நாலை அடுக்கியது போல இருந்தது.

"ஒண்டியா கீறியே, பாட்டு கீட்டு கேட்டுகினு இருப்ப" என்றார். கல்யாணமாகி அவர் எனக்கென்று வாங்கிவந்த முதல் பொருள் அது.

டிரங்குப் பெட்டிமேல் வைத்து, திருகைத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. செட் சூடாக வேண்டும் என்றார். பிறகு வந்தது சத்தம். கர்ர்ர்.

அதே சத்தம். ஏற்ற இறக்கம்கூட அப்படியே. நடுவில் ஒரு கணம் நிற்கும், மறுபடி தொடங்கும். அவர் ஸ்டேஷன் முள்ளை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆள் பேசுவது போல நாலு வார்த்தை வந்து மூழ்கிப்போயிற்று. அவர் முகத்தில் சிரிப்பு.

"மெட்ராசு! கேக்குதா மே?"

தலையை ஆட்டினேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சத்தம் வேண்டாம்யா, எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது போடு என்று ஒரு வார்த்தை. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, செட்டை மறுபடி கோணியில் சுற்றி சித்தூருக்குக் கிளம்பினார். என்னையும் வா என்றார். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் தெலுங்கர், தமிழும் பேசுவார். செட்டைத் திறந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். எங்கே வைத்துக் கேட்கிறீர்கள் என்றார். இவர் வண்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"இனப டப்பால பெட்டி பாட வினாலண்டே எட்லா அய்யா? இரும்பு டப்பாக்குள்ள பூட்டி வெச்சா அலை எப்படி உள்ள வரும்? கம்பிய வெளிய இழு. உயரமா கட்டு. எர்த்து வேணும், ஈர மண்ணுல எறக்கு. தெரிஞ்சுதா?"

தாமிரத்தில் பின்னிய நாடா போன்ற ஏரியல் கம்பி ஒரு சுருள், நாலு பீங்கான் குமிழ் எல்லாம் கொடுத்து, காகிதத்தில் படமும் வரைந்து தந்தார். பஸ்ஸில் திரும்பும்போது இவர் அந்தப் படத்தை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் அந்த வேலைதான். சாயங்காலம் ரோலரை நிறுத்திச் சாம்பலை வாரிவிட்டு, கைகாலைக்கூடக் கழுவாமல் ரேடியோ வேலையில் இறங்குவார். முதலில் ஜன்னல் வழியாகக் கம்பியை வெளியே இழுத்தார். ஜன்னல் சட்டமும் இரும்பு, கம்பி அதில் படக்கூடாது என்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். இரண்டு மூங்கில் கழியை வண்டியின் இரு தலைப்பிலும் நட்டு, பீங்கான் குமிழ் வைத்துக் கம்பியைக் கட்டினார். பழைய குழாய் ஒன்றை மண்ணில் அடித்து இறக்கி எர்த்துக் கம்பியை அதில் சுற்றினார். "தெனமும் காலைல ஒரு சொம்பு உப்புத்தண்ணி ஊத்து, மறக்காத" என்றார். நான் தினமும் ஊற்றினேன். இத்தனையும் ஆன பிறகு சத்தம் கொஞ்சம் தெளிந்தது. பத்து வார்த்தைக்கு ஐந்து புரியும். மீதி கர்ர்ர்.

"இப்ப எப்டி?"

"நல்லா கேக்குது" என்றேன். வாய் திறந்து நான் சொன்னதில் அவருக்கு இரட்டை சந்தோஷம். அதுவே தப்பாகப் போயிற்று. ரேடியோதான் என்னைப் பேச வைத்தது என்று நினைத்துக்கொண்டார். இன்னும் நன்றாகக் கேட்டால் இன்னும் பேசுவேன் என்று கணக்குப் போட்டிருப்பார். பகலில் நான் அதை ஒரு நாளும் போடவில்லை. பேட்டரி வீணாகும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

எல்லைப் பேச்சு உச்சத்தில் இருந்த சமயம் அது. ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் ஜில்லா முழுசாக அந்தப் பக்கம் போயிற்று. எந்த ஊர் எவருக்கு என்ற சண்டை அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருந்தது. இப்போது பேசி முடித்துவிட்டார்கள், சில ஊர் இங்கே வரும், சில ஊர் அங்கே போகும் என்று சொன்னார்கள். இவருடைய ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அது மெட்ராசுக்குப் போகும் என்று பேச்சு. என் நைனா, அதாவது அப்பாவுடைய ஊர் சத்தியவேடு பக்கம், அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அது ஆந்திராவுக்கு வரும் என்று பேச்சு. ரோலர் கூட வேலை செய்த ஆட்களில் பாதிப்பேர் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள். நெசவில் பிழைப்பு நடக்காமல் கல் உடைக்க வந்தவர்களும் இருந்தார்கள். எங்களிடம் ரேடியோ இருக்கிற சேதி தெரிந்ததும் சாயங்கால நியூசுக்கு வண்டியைச் சுற்றி வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

ரோலரில் கரி தள்ளுகிற ஃபயர்மேன் ஐம்பது வயதுக்காரர், நகரி ஊர். அவர்தான் ஒரு நாள் வந்து சொன்னார்: "இந்த வாரம் ரேடியோல ஊர்ப் பேரெல்லாம் வரிசையா படிக்கப் போறாங்களாம். தாலூகா ஆபீஸ் பியூன் சொல்லிகினு இருந்தான். கம்பிய இன்னும் கொஞ்சம் மேல ஏத்துப்பா. பேரு வரச்ச கொர்ருன்னு போயிட்டா இன்னா பண்றது?"

மறுநாள் வேலை சீக்கிரம் முடிந்தது. நல்ல வெளிச்சம் இருந்தது. மதியம் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு பெரிய புளியமரம். மூங்கில் கழியிலிருந்து கம்பியின் ஒரு முனையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறினார்.

"நீ உள்ள செட்டாண்ட உக்காரு. நான் கேக்கச்ச எப்டி கீதுன்னு சொல்லு" என்றார்.

செட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் கம்பியை அசைக்க அசைக்க அந்தச் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. அந்தத் தகரச் சுவரில் பட்டு நாலு பக்கமிருந்தும் வந்தது. கட்டில், டிரங்குப் பெட்டி, அடுப்பு எல்லாம் அப்படியே இருக்க, மடியில் மட்டும் யாரும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. கையை நீட்டி, சத்தத்தைக் குறைக்கிற திருகைக் கடைசிவரை திருப்பினேன். வண்டிக்குள் அமைதியாயிற்று.

முதல் கவட்டையில் கம்பியைக் கட்டிவிட்டு மேலிருந்து கேட்டார். "கேக்குதா மே?"

திருகைத் திரும்ப வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குக் கை வரவில்லை. "இல்ல" என்று குரல் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ?"

"இன்னும் இல்ல."

"சரி, மேல இன்னொரு கெள கீது, பாக்கறேன்."

கிளை ஒடியவில்லை. மழையில் நனைந்த பட்டையில் கால் வழுக்கியிருக்கிறது. குவித்து வைத்திருந்த ஜல்லிமேல் விழுந்த சத்தம்தான் கேட்டது. நான் வெளியே ஓடியபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே வேறு யாருடையதோ போலத் திரும்பியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல மே, பயப்படாத" என்றார்.

ஃபயர்மேனும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். கையைத் துண்டால் கட்டினார்கள். ஃபயர்மேன், ரேடியோ விளக்கு எரிவதைப் பார்த்து அணைக்கப் போனவர் திருகை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். கணீரென்று ஒரு குரல். நெற்பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றி யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடக் குறையாமல் கேட்டது. மூன்று வாரத்தில் அப்படிக் கேட்டதே இல்லை.

"நல்லாத்தானே கீது" என்றார் ஃபயர்மேன். திருகையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டே, "பொழுது சாஞ்சா தானா தெளிவா வந்துரும்" என்றார்.

விழுந்த நேரத்தில் அது நன்றாகக் கேட்டதா, இல்லை பிறகுதான் தெளிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது, அதை நான் திருகி மூடியிருந்தேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதி போய், அங்கிருந்து புத்தூருக்குப் போனோம். எலும்பு கட்டுகிற ஊர் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாட்டு வண்டியில் வந்தவர்கள், ரயிலில் வந்தவர்கள் என்று காலையிலேயே கூட்டம். இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது என்றார் கட்டுகிறவர். தழை அரைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து நாள் கையை அசைக்கக்கூடாது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து கட்டை மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் ரோலர் நிற்க முடியாது. ஓவர்சியர் நல்ல மனுஷன். இரண்டு வாரம் ஃபயர்மேனை வைத்து ஒப்பேற்றினார். பிறகு, மேலே கேட்கிறார்கள், வேறு டிரைவரை அனுப்பப் போகிறார்கள் என்றார். இவர் நிரந்தர வேலைக்காரர் இல்லை. வேலை இருக்கிற வரைக்கும்தான் ஆள். வேறு டிரைவர் வந்தால் வண்டியும் அவருக்குப் போய்விடும். இருபதாம் நாள் காலை, நான் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, கட்டோடு ரோலரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டீயரிங்கை இரண்டு கையும் சேர்த்துச் சுற்றினால்தான் சக்கரம் திரும்பும். நான் குடத்தோடு வந்து பார்த்தபோது ரோலர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடினேன்.

"எறங்குயா, எறங்கு! கை போயிடும்!"

"நீ போமே. ஒண்ணும் ஆவாது."

நாலு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் கை வீங்கித் தப்பையை மீறிவிட்டது. மறுபடி புத்தூர். கட்டை அவிழ்த்துப் பார்த்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எலும்பு கோணிக்கொண்டு கூடுகிறது, இனி முழுசாக நேராகாது என்றார். திரும்பி வரும்போது ரேணிகுண்டா ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் இட்லி வாங்கிவந்தேன். அவர் இடது கையால் தின்னத் தெரியாமல் சிந்தினார். ஊட்டிவிடப் போனேன். வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

இதோ அதோ என்று தள்ளிப்போன எல்லை நியூஸ் அந்த வாரத்தில்தான் வந்தது. எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ தெளிவாகப் பேசியது. இரண்டு மாகாணத்துக்கும் நடுவே எல்லை மாறுகிறது, அதற்கான சட்டம் ஆகிவிட்டது என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு வேறு சேதிக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஊர்ப் பெயர்கள் இனி வரும் என்று காத்திருந்தார்கள். மழைச் செய்தியும் முடிந்து பாட்டு ஆரம்பித்தது.

"ஊர்ப் பேரே சொல்லலயே" என்றார் ஒருவர்.

"நம்ம ஊர்ப் பேரு அவங்களுக்கு எப்டி தெரியும்?" என்றார் ஃபயர்மேன். வேட்டியைத் தட்டிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து நியூஸ் கேட்க ஒருவரும் வரவில்லை.

புது டிரைவர் வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். நான் வண்டியைக் கழுவிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அடுப்பு எந்தக் காற்றுக்குப் புகையும் என்று காட்டினேன். இவர் மரத்திலிருந்து ஏரியல் கம்பியை அவிழ்த்துத் தரச் சொல்லி ஃபயர்மேனிடம் கேட்டார். அவர் ஏறி அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தார்.

இவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். பள்ளிப்பட்டுப் பக்கம். நாங்கள் போய்ச் சில மாதத்தில் அந்த ஊர் மெட்ராஸ் ஆயிற்று. என் நைனா ஊர் ஆந்திரா ஆயிற்று. சித்தூரில் வேலை கேட்டால் நீ இப்போது அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். இந்தப் பக்கம் கேட்டால் கையைப் பார்த்தார்கள். விரல்கள் மடங்கும், பிடி நிற்காது. ஒரு சொம்பைத் தூக்கினால் நழுவும்.

அண்ணன் வீடு மண் சுவர், ஓட்டுக் கூரை. அங்கே போய் ஒரு மாதம் கழித்து, இடது கையாலேயே ரேடியோவை மாட்டினார். ஓட்டுக்கு மேல் ஒரு முழக் கம்பிதான் போட்டார். வெயில் காலத்து மத்தியானம், மெட்ராஸ் ஸ்டேஷன், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போலக் கேட்டது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். இவர் என்னைத் தேடினார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தேன். பின்னாலேயே வந்தார்.

"இன்னாமே இங்க வந்து நிக்கற? எவ்ளோ தெளிவா கீது, வந்து கேளு."

அன்றைக்குத்தான் சொன்னேன். முதல் நாளிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு எப்படிக் கேட்டது என்று சொன்னேன். கொழந்தை மூச்சுயா அது, ஒவ்வொரு தரமும் அவதான் எனக்குக் கேட்டா என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மரத்துல ஏர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

திருகை மூடியதை அப்போதும் சொல்லவில்லை. பிறகு இருபது வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். சொல்லக்கூடிய சமயம் எத்தனையோ வந்தது. அவர் கண்ணை மூடுகிற வரை சொல்லவில்லை.

ரேடியோவை அன்றைக்கே அண்ணன் அறையில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அதன் பக்கம் போகவில்லை. ஒரு மாந்தோப்பில் காவலுக்கு ஆள் கேட்டார்கள் என்று போனார். கிளி ஓட்டுகிற வேலை. தகர டின்னை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை மணிக்கட்டில் குச்சியைக் கட்டிக்கொண்டு தட்டுவார். நான் நாற்று நடப் போனேன். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. நைனா வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் போவேன். பஸ் புத்தூர் வழியாகத்தான் போகும். ரோடு அகலமாகி, புறம்போக்கெல்லாம் வீடும் கடையுமாகிவிட்டது. அவளைப் புதைத்தது எந்த இடம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் நான் உட்காருவதில்லை.